பொத்திய கை

கிளிநொச்சிக் குடியேற்றத்து முதியோர் மாலை வகுப்பில் பெற்றோல்மாக்ஸ் விளக்கு இரைகிறது. புனிதவதியக்காவிடம் இரவல் வாங்கிய கலியாண மோதிரத்தைத் தவராசா மறைத்துக் காட்டுகிறான். வித்தைப் புத்தகம் அதைக் காற்சட்டைப் பைக்குள் நழுவவிடச் சொல்கிறது. அவன் கட்டியிருப்பதோ வேட்டி. இடுப்பு மடிப்பில் விட்ட மோதிரம் இப்போது அங்கே இல்லை. காலடியில் கோடைக்கு வெடித்த மண்தரை, எங்கு பார்த்தாலும் பிளவு. "என்ன மந்திரவாதியார், விழுங்கிப் போட்டீரோ?" என்று பின்வரிசை வாங்கில் இருந்து அப்புத்துரை கேட்க, எல்லாரும் சிரிக்கிறார்கள். தவராசாவின் காது கொதிக்கிறது. புனிதவதி அவன் முகத்தையே பார்க்கிறாள். பிறகு சேலையைத் தடவி, "ஐயோ, என்ரை மடியிலையெல்லோ வந்து கிடக்குது தம்பி!" என்று கையைப் பொத்திக்கொள்கிறாள். வகுப்பே கைதட்டுகிறது. பொத்திய கைக்குள் ஒன்றுமில்லை என்பது அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். கைதட்டல் ஓயவில்லை. அவன் குனிந்து கும்பிடுகிறான்.