புகைக்கும் வரி

"அண்ணா, வர்ற மேடம் கண்ணுல இது மட்டும் பட்டுடக் கூடாது. சொல்லிட்டேன்!"

தம்பி சுவரோரமாகச் சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த போல்ட் கம்பெனியின் முதலாளியான அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"அவங்க கண்ணை மறைச்சுடலாம்டா. மேல இருக்கிறவன் கண்ணை எந்தச் சாக்கைப் போட்டு மூடுவே?"

"அவர் நம்மகிட்ட போல்ட் வாங்கறதில்லையே!"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போல்ட் வாங்குகிற வெளிநாடு புதிதாக ஒரு வரி போட்டிருந்தது. ஒரு டன் சரக்கு செய்ய எவ்வளவு கரிப்புகை கிளம்புகிறதோ அதற்கேற்ற வரியை எல்லையிலேயே கட்ட வேண்டும். கட்டப்போவது வாங்குகிறவர். புகை அதிகம் என்றால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். பிறகு உலையை அணைத்துவிட்டு, வேலை செய்கிற அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

புகையைக் கணக்கெடுக்கும் பெண்மணி வந்தார். எரித்த நிலக்கரி, இழுத்த மின்சாரம் எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்தார். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் தம்பி அவருக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டான்.

மதியத்துக்குள் கணக்கு முடிந்தது.

"மன்னிச்சுக்கோங்க சார். கொஞ்சம்தான் கூடுது. ஆனா வாங்குறவங்க சொன்ன அளவைத் தாண்டிடுச்சு."

அண்ணன் உலையை ஒரு முறை பார்த்துவிட்டு, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உள்ளதைத்தானே எழுதினீங்க. டீ சாப்பிட்டுட்டுப் போங்கம்மா."

அப்போது பக்கத்து முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, காலி வாளியோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, இன்னிக்கு வெந்நீர் வரலையே? பெரியவங்க யாரும் இன்னும் குளிக்கல."

அண்ணன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "வால்வையும் மூடிட்டியாடா?"

"ஆமாண்ணா," என்றான் தம்பி.

"என்ன வெந்நீர்?" என்றார் கணக்கெடுப்பவர்.

"உலைச் சூட்டுல காயுற தண்ணிம்மா. பல வருஷமா குழாய் போட்டு இவங்களுக்கு விடுறோம்."

"சூட்டை வீணா வெளிய விடுறோம்னு எழுதிடுவீங்களோன்னு..." தம்பி இழுத்தான்.

கணக்கெடுப்பவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"வெளிய கொடுத்த சூட்டுக்கான புகை உங்க தலையில ஏறாது சார். அதைக் கழிச்சே ஆகணும். கழிச்சா நீங்க அளவுக்குள்ள வந்துடலாம். ஆனா வாய்ச்சொல் போதாது. எவ்வளவு கொடுத்தீங்கன்னு அளந்து வச்சிருக்கணுமே!"

"மீட்டர் இருக்கும்மா." அண்ணன் சாக்குகளை ஒவ்வொன்றாக விலக்கினார். "தர்மம்ங்கற பேர்ல நான் எவ்வளவு வீணாக்கறேன்னு குத்திக்காட்டறதுக்காக, குழாய் போட்ட அன்னிக்கே இவன்தான் மாட்டினான்!"