சாம்பலாகாத கறுப்பு

கறுப்பு மையை மட்டும் ஓட்டினால் ஃபிளெக்ஸில் விழுவது கறுப்பே இல்லை. வெயிலில் சாம்பலாக இளிக்கும். அடியில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் எவ்வளவு போக வேண்டும் என்பதை நானும் கூட்டாளி ஆரோக்கியமும் ஒரு கோடை முழுக்க ஃபிளெக்ஸைப் பாழாக்கித்தான் கண்டுபிடித்தோம். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஊரே எங்களிடம் வந்தது. யாரிடமும் சொல்வதில்லை என்று பேசிவைத்திருந்தோம்.

அம்மாவுக்கு முடியவில்லை என்று அவன் சொந்த ஊருக்குப் போயிருந்தான். இங்கே எங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு புதிய ஃபிளெக்ஸ் கடையின் திறப்பு விழா பேனர் தொங்கியது. உச்சி வெயிலிலும் அதன் கறுப்பு சாம்பலாகவில்லை. அதன் கீழேயே நின்று அவனைப் போனில் கூப்பிட்டேன்.

“அம்மாவுக்கு எப்படி இருக்கு?”

“பரவாயில்லக்கா.”

“பேனர் பாத்தேன். கறுப்பு நல்லா வந்திருக்கு.”



“நீலத்தக் கொஞ்சம் கொறைச்சேன்,” என்றான். “தெரியுதாக்கா?”