முப்பது நட்சத்திரம்

"இன்னைக்கும் ஈரமா?"

பள்ளி வாசலில் சிட்டுவின் அம்மா போட்ட சத்தத்தில் மற்ற தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆயா நீட்டிய பையில் இரண்டு கால்சட்டைகள். இரண்டும் பிழிந்தால் சொட்டும்.

"ரெண்டே தடவைதான்மா தவறிடுச்சு. மத்த மூணு தடவையும் சிட்டு தானாவே தொடையைத் தட்டிக் காட்டினான். பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன், சமத்தா இருந்துட்டு வந்தான்."

சிட்டுவுக்கு எட்டு வயது. பேச்சு வராது. மற்றவர்களுக்குத் தானாக வருவதெல்லாம் அவனுக்குச் சொல்லிச் சொல்லித்தான் வர வேண்டும்.

"மூணு தடவை சரியா போனா பதக்கம் குத்துவாங்களா? முப்பது நாள் தொடர்ந்து துணி நனையலைன்னு டீச்சர் எழுதிக் குடுத்தாத்தான் பெரிய பள்ளிக்கூடத்துல இடம். தெரியும்ல?"

"தெரியும்மா. தட்டறதுக்கும் ஓடறதுக்கும் நடுவுல கொஞ்சம் முந்திடுது. பழகிடுவான்."

"நீ சொல்லிட்டுப் போயிடுவ. எனக்கு அந்த இடம் போயிடும்."

பையைப் பிடுங்கிக்கொண்டாள். காலித் தண்ணீர் பாட்டிலையும்.

அன்றே டீச்சருக்கு எழுதிக் கொடுத்தாள். 'என் மகன் வீடு திரும்பும்போது துணி காய்ந்திருக்க வேண்டும். இந்த ஆயா வேண்டாம்.'

ஆயா போய்விட்டாள். புதிதாக ஒருத்தி வந்தாள்.

முதல் நாளே துணி காய்ந்திருந்தது. மறுநாளும். வகுப்புச் சுவரில் சிட்டுவின் படத்துக்குக் கீழே, நாளுக்கு ஒரு நட்சத்திரமாக டீச்சர் ஒட்டிக்கொண்டே போனார்.

"பாத்தீங்களா? எல்லாம் பழக்கற ஆளைப் பொறுத்தது," என்றார் டீச்சர்.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேலை செய்யும் துணிக்கடையில் ஒருத்தியையும் விடாமல் எல்லோரிடமும் சொன்னாள்.

"உன் பையன் தேவலைடி," என்றாள் பக்கத்துக் கவுண்டர்காரி. "நம்ம கதையைப் பாரு. பாத்ரூம் போகணும்னா அந்த சூப்பர்வைசர் மூஞ்சியைப் பாக்கணும். அதுக்குப் பயந்து ஒட்டகம் மாதிரி காலையில குடிச்ச தண்ணியோட நிக்கறோம்."

இருவரும் சிரித்தார்கள். போன வருஷம் நீர்க்கடுப்பில் நாலு நாள் சுருண்டு கிடந்ததை நினைத்தும் அவளால் சிரிக்க முடிந்தது. மகன் பாஸாகிக்கொண்டிருந்தானே.

வீட்டுக்கு வந்ததும் சிட்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் குழாயடிக்கு ஓடி வாயை வைப்பான். "தண்ணி விளையாட்டா? போடா போக்கிரி," என்று செல்லமாக முதுகில் தட்டுவாள். அவன் தொடையைத் தட்டிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவள் யோசிக்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் கடையில் கரண்ட் போய், மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். நேரே பள்ளிக்கு வந்தாள்.

வாசலில் புது ஆயா பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடத்திலிருந்து அல்ல. பிள்ளைகளின் பாட்டில்களிலிருந்து. ஒவ்வொன்றாகத் திறந்து, கவிழ்த்து, மூடி, வரிசையாக வைத்தாள். நாலாவது, சிட்டுவின் நீலப் பாட்டில். காலையில் வீட்டில் அவள் கழுத்து வரை நிரப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது.

தொட்டிச் செடிகள் தளதளவென்று இருந்தன.

உள்ளே ஓடினாள்.

"என்ன டீச்சர் இது? நாள் பூரா புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கறதில்லையா?"

டீச்சர் பதறவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். அவளுடைய கையெழுத்து.

"துணி காயணும்னு கேட்டீங்க. காய வெச்சுக் குடுத்தோம்."

"தாகத்துல வச்சா?"

"பழைய ஆயா அவன் கேட்டப்பல்லாம் தண்ணி குடுத்தா. ஈரமாதான் வந்தான்." டீச்சர் சுவரைக் காட்டினார். "இன்னும் ரெண்டே நட்சத்திரம். நாளையிலேருந்து குடுக்கச் சொல்றேன், எனக்கென்ன? ஒரு தடவை நனைச்சாலும் மறுபடி ஒண்ணுலேருந்து. அந்த இடம் அதுவரைக்கும் காத்திருக்குமா, நீங்களே சொல்லுங்க."

அவள் சுவரிலிருந்த நட்சத்திரங்களை எண்ணினாள்.

சிட்டு வந்து அவள் விரலைப் பிடித்து இழுத்தான். உதடு வெடித்திருந்தது. வீட்டுக்குப் போனதும் அவனை மடியில் உட்கார வைத்து, தன் கையாலேயே மூன்று டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் நிற்கவில்லை.

மறுநாள் காலை பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்தாள். மாற்றுத் துணியை வைத்தாள். நீலப் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

எப்படியும் செடிக்குத்தானே போகிறது என்று, நிரப்பாமலே உள்ளே வைத்தாள்.