உடையாத குழாய்

தெருவில் வெட்டிய பள்ளத்தருகே பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டு, புதிதாக டக்டைல் இரும்புக் குழாய் பதிக்கிறார்கள்.

“மேல லாரி ஏறினா?”

“தாங்கும் ஐயா,” என்றார் இன்ஜினீயர்.

“மண்ணு இறங்கினா?”

“வளைஞ்சு கொடுக்கும். பழசு மாதிரி பட்டுன்னு உடையாது. என்ன ஐயா, மாப்பிள்ளையை விசாரிக்கிற மாதிரி கேக்குறீங்க? நம்பலேன்னா அந்த வெட்டின துண்டை நீங்களே அடிச்சுப் பாருங்க.”

பெரியவர் சம்மட்டியை வாங்கி, மூச்சு வாங்கும்வரை அடித்தார். துண்டு நெளிந்தது, உடையவில்லை. சம்மட்டியைப் போட்டுவிட்டு மண்மேட்டில் உட்கார்ந்தார்.

“இப்போ நிம்மதியா?” இன்ஜினீயர் சிரித்தார். “இனிமே உங்க தெருக்காரங்க, குழாய் உடைஞ்சிடுச்சுன்னு யாரையும் கூப்பிட வேண்டாம்.”

“இத்தனை வருசமா ஒட்டுப் போட அவங்க கூப்பிட்டது என்னைத்தான், தம்பி.”