யாருமில்லாத அறை

மின்சாரச் சிக்கனப் போட்டியில் தன் ஆய்வுக்கூடம்தான் ஜெயிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள் இங்க்ரிட். தானாக அணையும் விளக்குகளைப் போடவைத்ததும் அவள்தான்.

நைட்ரஜன் அறை இருட்டாக இருந்தது.

"பாத்தியா டுவெய்ன், உள்ள யாருமில்ல, விளக்கு அணைஞ்சிடுச்சு. எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் எதுக்கு ஓடுது? நிறுத்து."

"நைட்ரஜன் கசிஞ்சா மூச்சடைக்குமே!"

"ஆளே இல்லாத ரூம்ல யாருக்குடா மூச்சடைக்கும்?"

டுவெய்ன் சிரித்துக்கொண்டே நிறுத்தினான்.

மதியம் பீட்சா வந்தது. கூட வேலை செய்யும் லார்ஸை மட்டும் காணோம்.

"தின்ன முதல் ஆளா வருவானே, எங்க போனான்?" என்றாள் இங்க்ரிட்.

டுவெய்ன் எடுத்த பீட்சாவைக் கீழே வைத்தான். "காலைல... நைட்ரஜன் நிரப்பப் போறேன்னான். முடிச்சிட்டுப் போயிருப்பான்னு நெனச்சேன்."

இங்க்ரிட் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவள் அசைவுக்கு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

தரையில் கிடந்த லார்ஸ் கொஞ்சம் அசைந்திருந்தால், அது அணைந்தே இருக்காது.