கதவில் ஒட்டிய நகல்

ஈரச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி பட்டதும் ஆவி சீறுகிறது. சிறையிலிருந்து தப்பிய இரண்டு கொலைகாரர்கள் ஒளிந்திருந்த அறையை, துப்பறியும் அதிகாரியான அவளிடம் சொன்னவர் இந்தச் சலவைக்காரர்தான். காலையில் அவள் படையோடு போனபோது அறை காலி. “என் பேரு வெளிய வராதுல்லம்மா? வந்தா என்னையும் மடிச்சு அடுக்கிருவானுங்க,” என்று காலரை நீவியபடி சிரிக்கிறார். சோதனை உத்தரவில் தகவல் தந்தவர் பெயர், கடை முகவரி என ஒரு கட்டம் விடாமல் எழுத்தர் நிரப்பித் தர, அவளும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். விதிப்படி அதன் நகலை அறைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தார்கள். வழியில் உறைத்து, கிழித்தெறியத் திரும்ப ஓடினால் கதவில் பசை மட்டும்தான் இருந்தது; கொலைகாரர்கள் வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து நேரே இந்தக் கடைக்கு வந்திருக்கிறாள். “கடையச் சாத்துங்கண்ணா. பிள்ளைங்களோட இப்பவே கிளம்புங்க.” பெட்டி சட்டை மேலேயே நிற்கிறது. “எங்கம்மா போறது?” துணி கருகும் வாசம் வருகிறது. இருவரும் பெட்டியை எடுக்கவில்லை.