முன்பக்க ஜன்னல்

“ஜன்னலுக்கு வெளியே ஆம்பளைங்க தொங்கிட்டிருந்தா வீட்டுக்குள்ள பொம்பளைங்க எப்படி நடமாடுறது? உங்க வீட்டுப் பொண்ணுங்களா இருந்தா விடுவீங்களா?”

குவைத்தின் சால்மியாவில் அந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்தின் வாசலில், அத்தனை பேர் எதிரில், அங்கே குடியிருக்கும் உம்மு மிஷாரி என்ற அம்மாள் கட்டட முதலாளி அபூ நாயிஃபைப் பிடித்துக்கொண்டார்.

அபூ நாயிஃபுக்கு முகம் சிவந்துவிட்டது. குடியிருக்கும் பெண்களின் மானத்தைக் காக்கத் தெரியாதவர் என்று பேச்சு கிளம்பினால், மாலையில் ஆண்கள் கூடிப் பேசும் திவானியாவில் நாலு பேர் நடுவே எப்படி உட்காருவது?

எந்த வீடு, எந்த ஜன்னல் என்று அவர் கேட்கவில்லை. குவைத்தில் ஒரு பெண்ணிடம் அதைக் கேட்கிற ஆண் கிடையாது.

அடுத்த மாதமே சுவரேறும் ரோபோ வந்து இறங்கியது. கயிறு வேலை நின்றது.

ஷெஹாதா துடித்துப்போனான். எகிப்திலிருந்து வந்த நாள் முதல் அந்தக் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கித் துடைத்தவன் அவன்தான். திரை விலகியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கைப்பழக்கத்திலேயே துடைப்பான். அவனையா இப்படி?

அந்த அம்மாள் என்றைக்குமே அப்படித்தான் என்று அவன் பார்த்தவர்களிடமெல்லாம் பொருமினான். போன மாதம் கம்பளம் உலர்த்த மொட்டை மாடிக்கு வந்தவர், “இந்தக் குப்பையை யார் இங்க போட்டது?” என்று அவன் கயிற்றைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனவராயிற்றே.

நல்லவேளையாக, ரோபோவை இயக்கும் வேலை அவனுக்கே கிடைத்தது. பயிற்சிக்குப் போய் வந்தான்.

முதல் நாள் தெருவே வேடிக்கை பார்த்தது. கண்ணாடியை உறிஞ்சிப் பிடித்தபடி, தூரிகைகள் சுழல, அது மேலே ஏறியது. பிள்ளைகள் “பல்லி, பல்லி” என்று கத்தினார்கள். புழுதிக்காற்றில் பழுப்பேறிக் கிடந்த கண்ணாடிகள் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டன. கீழே நிழலில் நாற்காலி போட்டு, கையில் கருவியோடு உட்கார்ந்திருந்த ஷெஹாதாவுக்குக் கர்வம் தாங்கவில்லை. உடனே படம் எடுத்து ஊருக்கு அனுப்பினான். இனி நிம்மதியாகத் தூங்குவேன் என்று மனைவி பதில் அனுப்பியிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்திலும் அவனுக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. காவலாளி அஷூரைக் கூப்பிட்டான்.

“அந்தம்மா ஜன்னல் எது, காட்டு.”

“எதுக்கு அண்ணே?”

“சுத்தி எல்லாம் மின்னணும். அது மட்டும் அழுக்கா நிக்கணும். தெருவே பார்க்கட்டும்.”

அஷூர் தேநீரை ஒரு வாய் குடித்தான். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான்.

“முன்பக்கம் அவங்களுக்கு ஜன்னலே இல்ல அண்ணே. வீடு பின்னாடி. எல்லா ஜன்னலும் உள்முற்றத்தைப் பார்த்துதான். அங்க நீங்க என்னிக்குத் தொங்கினீங்க?”

ஷெஹாதாவின் விரல் கருவியிலிருந்து எழுந்தது. பல்லி பாதிச் சுவரில் நின்றது.

“அப்புறம் எதுக்கு…? இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா? நேரா முதலாளிகிட்டப் போய், என் மேல தப்பில்லன்னு நிரூபிச்சிருப்பீங்க. அவரும் சரின்னு உங்களைத் திரும்ப அந்தக் கயித்துலயே ஏத்தியிருப்பார்.”

தன் ரோஷம் ஷெஹாதாவுக்குத் தெரியும். அதைத்தான் செய்திருப்பான்.

அஷூர் குரலைத் தாழ்த்தினான்.

“அன்னிக்கு மாடியிலேர்ந்து இறங்கி வந்து, கயிறு இழை இழையா பிரிஞ்சு கிடக்கே, முதலாளிக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. எத்தனையோ தடவை சொல்லியாச்சும்மா, பார்க்கலாம் பார்க்கலாம்னுதான் சொல்றாருன்னேன். அப்புறம், ‘ஒரு ஆளோட உசுருன்னு சொன்னா அவர் காதுல விழாது, வேற மாதிரிதான் சொல்லணும்’னு முனகிக்கிட்டே வாசலுக்குப் போனாங்க.”